ஒலியைக் கூட்டுவது கடைசி வேலை: வீடியோ எடிட்டிங்கில் பேச்சைச் சரிசெய்யும் முழு வரிசை

பாளையங்கோட்டையில் என்னிடம் எடிட்டிங் பழக வருகிறவர்களுக்கு ஒரு கிளிப்பைக் கொடுத்து, "பேச்சு சரியாகக் கேட்கவில்லை, பாருங்கள்" என்பேன். ஏறக்குறைய எல்லோருமே முதலில் ஒலியளவுக் கோட்டைப் பிடித்து மேலே இழுக்கிறார்கள். பேச்சு கூடுகிறது, கூடவே மின்விசிறியும் கூடுகிறது. உடனே இரைச்சல் நீக்கும் எஃபெக்டைப் போட்டு முழு அளவுக்குத் தள்ளுகிறார்கள். குரல் தகரக் குழாய்க்குள் போய்விடுகிறது. அதை மறைக்கப் பின்னணி இசை. அந்த இசையை மீறிப் பேச்சு கேட்க வேண்டுமே என்று மறுபடியும் ஒலியளவு. இவற்றில் எதுவும் செய்யக்கூடாத வேலை இல்லை. வரிசைதான் தலைகீழ்.

உதாரணத்துக்கு நான் எடுத்த ஒரு பேட்டியையே வைத்துக்கொள்கிறேன். காருக்குறிச்சியில் மண்பாண்டம் வனையும் அண்ணாச்சி ஒருவர், வீட்டு முன்கூடத்தில் மின்சாரச் சக்கரத்தின் முன் உட்கார்ந்து 22 நிமிடம் பேசினார். தலைக்கு மேல் மின்விசிறி, வெளியே ஆடிக் காற்று, தெருவில் பைக்குகள். பனியனில் குத்திய சிறு மைக் தனி ரெக்கார்டருக்குப் போனது. படம் ஃபோனில் பதிவானது. ஒலிப்பதிவில் வரக்கூடிய கோளாறுகளில் முக்கால்வாசி அந்த ஒரு கோப்பிலேயே கிடைத்தன.

நான் பயன்படுத்துவது டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. கேடென்லைவ், ஷாட்கட், பிரீமியர் என்று வேறு எதை வைத்திருந்தாலும் பொத்தான்களின் பெயர்தான் மாறும், வரிசை மாறாது.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

கம்பி உள்ள ஹெட்போன். விலை குறைந்ததானாலும் போதும், கம்பி இருக்க வேண்டும். புளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தி வரும். பத்தில் ஒரு பங்கு விநாடிக்கு மேலும் பிந்துவது உண்டு. ஒரு தம்பி ஒரு மாலை முழுவதும் உதட்டசைவுக்கு ஏற்ப ஒலியை நான்கு நான்கு ஃபிரேமாக (வீடியோவின் ஒற்றைப் படம்தான் ஃபிரேம்) முன்னே இழுத்துக்கொண்டிருந்தார். கம்பி ஹெட்போனை மாட்டியதும் தெரிந்தது, கோப்பு முதலிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது என்று. லேப்டாப்பின் ஸ்பீக்கரையும் நம்ப வேண்டாம். அடித்தொனி அதில் அநேகமாக ஒலிக்காது. மின்சார ரீங்காரம் இருப்பதே தெரியாமல் போய்விடும்.

மூலக் கோப்பு. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பப்பட்ட கோப்பில் வேலை செய்யாதீர்கள். சுருக்கும்போதே ஒலியின் நுணுக்கம் போய்விடுகிறது; அதை எந்த எஃபெக்டாலும் திருப்பித் தர முடியாது. அனுப்புகிறவரிடம் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பென் டிரைவில் வாங்குங்கள்.

அறையின் வெறும் ஒலி. யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவு செய்தது. பேட்டி முடிந்ததும், "அண்ணாச்சி, அப்படியே அரை நிமிடம் பேசாமல் இருங்கள்" என்று கேட்டு வாங்கிவிட வேண்டும். புதியவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 5-ஆம் படியிலும் 6-ஆம் படியிலும் இது இல்லாமல் கை கட்டிப்போட்டது போல் ஆகும்.

மூலக் கோப்புகளின் நகல் ஒன்று வேறு வட்டில் இருக்கட்டும். இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2. புராஜெக்ட் அமைப்பு

ஒலியின் மாதிரி வீதம் 48,000 ஹெர்ட்ஸ். வீடியோவுக்கு இதுதான் வழக்கம். ஃபிரேம் வீதத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, முதல் கிளிப்பை உள்ளே கொண்டுவரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) கிளிப் ஏறிய பிறகு ரிசால்வ் அதை மாற்ற விடாது.

பெரும்பாலான ஃபோன்கள் நிலையான ஃபிரேம் வீதத்தில் பதிவு செய்வதில்லை. வெளிச்சம் குறைந்தால் வீதத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் உதடும் ஒலியும் சேர்ந்திருந்து, இருபதாவது நிமிடத்தில் பிரிந்து நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வீதத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு எடிட்டிங்குக்குக் கொண்டுவாருங்கள். பாதி வேலை முடிந்த பிறகு மாற்றினால் எல்லா வெட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: ரிசால்வின் இலவசப் பதிப்பு அதில் ஏ.ஏ.சி. ஒலியைப் (ஃபோன் வீடியோக்களில் வழக்கமான சுருக்கிய ஒலி வடிவம்) படிக்காது. ஒலியை வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள்.

3. படத்தையும் ஒலியையும் பொருத்துதல்

ஃபோனின் வீடியோவையும் ரெக்கார்டரின் ஒலியையும் மீடியா பூலில் (கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம்) ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, அலைவடிவத்தின்படி தானாகப் பொருத்தச் சொல்லலாம். பெரும்பாலும் சரியாகவே பொருந்தும். பொருந்தாதபோது கையால் பொருத்த ஓர் அடையாளம் வேண்டும். அதற்குத்தான் தொடக்கத்தில் கைதட்டுவது. அண்ணாச்சியிடம் நான் சுட்ட பானை ஒன்றைச் சுண்டச் சொன்னேன். 'ணங்' என்ற அந்த ஓசை இரண்டு அலைவடிவங்களிலும் ஊசிபோல நின்றது. விரல் பானையைத் தொட்ட ஃபிரேமும் படத்தில் தெளிவாக இருந்தது.

பொருத்தியபின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் ஒலியை நகர்த்தினால் போதும். போகப்போக விலகல் கூடினால் நகர்த்திப் பயனில்லை. 2-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

தேரோட்டம், கோயில் கொடை எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேம் நேரத்தில் பதின்மூன்றரை மீட்டர். ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் ஒரு மாடியில் நின்று, 40 மீட்டர் தள்ளியிருக்கும் மேளத்தை ஜூம் செய்து எடுத்தால், குச்சி தோலில் பட்டு மூன்று ஃபிரேம் கழித்தே ஒலி வரும். கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. நெருக்கமான காட்சியில் ஒலியை மூன்று ஃபிரேம் முன்னால் இழுத்துவிடுங்கள். வீதி முழுவதும் தெரியும் தூரக் காட்சியில் அப்படியே விடுங்கள். அங்கே அந்தத் தாமதம்தான் இயல்பு.

ஃபோனில் பதிவான ஒலியை அழிக்க வேண்டாம். மௌனமாக்கிக் கடைசி டிராக்கில் வைத்திருங்கள். மைக்கில் துணி உரசிக் கெட்டுப்போன ஒரு சொல்லை அதிலிருந்து எடுக்க நேரலாம்.

4. ஒரு காதில் மட்டும் கேட்கும் பேச்சு

சிறு மைக் பல ரெக்கார்டர்களில் இடப்பக்கம் மட்டுமே பதிவாகும். புதியவர்கள் இடப்பக்கத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். வலப்பக்கம் ஊமையாகவே இருக்கும். கிளிப்பின் பண்புகளில் ஒலியை மோனோவாக மாற்றி, எந்தப் பக்கத்தில் பேச்சு இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் பேசுவது நடுவிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு மைக்கில் பதிவாகியிருந்தால் இரண்டையும் ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒரே குரல் வெவ்வேறு தூரத்திலிருந்து இரண்டு முறை வந்து ஒன்றையொன்று தின்னும். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போலிருக்கும். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை மௌனமாக்குங்கள்.

பிறகு டிராக்குகளைப் பிரியுங்கள்: பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று, சூழல் ஒலிக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. பின்னால் வரும் எஃபெக்டுகளில் பலவற்றை டிராக் முழுவதற்கும் ஒரே தடவையில் போடப்போகிறோம். பேச்சும் இசையும் ஒரே டிராக்கில் கலந்து கிடந்தால் அது முடியாது.

5. முதலில் வெட்டுங்கள்

22 நிமிடப் பேட்டியில் கடைசியாக நான் வைத்துக்கொண்டது 7 நிமிடம். 22 நிமிடத்தையும் சுத்தம் செய்துவிட்டு 15 நிமிடத்தைத் தூக்கி எறிவது வீண். இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் கணினியையும் மெதுவாக்கும். ஆகவே வெட்டுகிற வேலை முழுவதும் முடியட்டும்.

இங்கேதான் தமிழ்ப் பேச்சுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பேச்சை வைத்துச் சொல்லித்தரும் வீடியோக்களில் இவை வருவதில்லை.

அலைவடிவத்தில் 'சட்டி' என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். 'ச' ஒரு மேடு. பிறகு ஒரு வெற்றிடம். பிறகு 'டி' இன்னொரு மேடு. நடுவில் இருக்கும் வெற்றிடம், 'ட்ட' என்னும்போது நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் காற்றை அடைத்துக்கொண்டிருக்கும் நேரம். பத்து, பாட்டு, அப்பா, பக்கம் என்று வல்லினம் இரட்டிக்கும் எல்லாச் சொல்லிலும் இது உண்டு. பார்வைக்கு இரண்டு சொற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி போலவே தெரியும். கண்ணால் மட்டும் பார்த்து வெட்டுகிறவர்கள் சொல்லின் நடு முதுகில் கத்தியை வைத்துவிடுகிறார்கள். மௌனத்தைத் தானாக நீக்கும் கருவிகளுக்கும் இந்தத் தடுமாற்றம் வரும். அப்படி ஒன்றைப் பயன்படுத்தினால், அரை விநாடிக்குக் குறைந்த மௌனத்தைத் தொடாதபடி அமைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சொல்லின் வால். காற்று, ஆறு, விறகு, நெருப்பு. இந்தக் குற்றியலுகரம் பேச்சில் மிக மெல்லிய மூச்சாகத்தான் முடியும். அலைவடிவத்தில் அது கோட்டோடு கோடாகப் படுத்திருக்கும். சொல் முடிந்துவிட்டதென்று நினைத்து அங்கே வெட்டினால் 'காற்ற்' என்று தொங்கும். கேட்கிறவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் பேசுகிறவர் அவசரப்படுவது போலத் தோன்றும். வெட்டும் கோட்டை, மேடு முடிந்த இடத்திலிருந்து இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு வெட்டின் இரு முனையிலும் ஒரு சிறு சரிவு கொடுங்கள். கிளிப்பின் மேல்மூலையைப் பிடித்து ஒன்றிரண்டு ஃபிரேம் உள்ளே இழுத்தால் போதும். அலை பாதியில் அறுபடும்போது வரும் 'டிக்' என்ற ஓசை போய்விடும்.

வெட்டியதால் உண்டான இடைவெளிகளை வெறுமையாக விடாதீர்கள். பேச்சுக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, திடீரென்று ஒன்றுமே இல்லாத மௌனம் வந்தால் வீடியோ நின்றுவிட்டதென்று ஆள் ஃபோனைத் தட்டிப் பார்ப்பார். அந்த அரை நிமிட வெறும் ஒலியிலிருந்து வேண்டிய அளவு நறுக்கி ஒவ்வொரு இடைவெளியிலும் வையுங்கள்.

இன்னொன்று, இது என் அபிப்பிராயம். "பாத்துக்கிடுங்க" என்று அண்ணாச்சி வாக்கியத்துக்கு ஒரு தடவை சொன்னார். எல்லாவற்றையும் நீக்கிய ஒரு வடிவம் செய்து பார்த்தேன்; வானொலிச் செய்தி வாசிப்பவர் போல ஆகிவிட்டார். பாதிக்குமேல் திருப்பி வைத்தேன். மூச்சு விடும் ஒலியையும் இப்படித்தான், சத்தமாக இருந்தால் குறையுங்கள், அடியோடு நீக்காதீர்கள்.

6. சுத்தம் செய்தல்: மூன்று தட்டு

முதலில் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவது. ஈக்வலைசரில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி) ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். பேச்சில் நமக்கு வேண்டியது அங்கே அநேகமாக ஒன்றுமில்லை. காற்று மைக்கில் மோதும் உறுமல், லாரியின் அதிர்வு, மைக் கம்பியைத் தொடும் ஓசை எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடியில் வெளியே படம் எடுக்கிறவர்கள் இந்த எல்லையை 120 வரை உயர்த்த வேண்டியிருக்கும். குரல் சற்று மெலியும், ஆனால் காற்றோடு சண்டை போடுவதைவிட மேல்.

இரண்டாவது, மின்சார ரீங்காரம். நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50-இலும் அதன் மடங்குகளான 100, 150, 200-இலும் வரும். முதல் தட்டில் 50 அடங்கிவிட்டாலும் மடங்குகள் மிச்சமிருக்கும். இதற்கு டி-ஹம்மர் என்ற எஃபெக்ட். அமெரிக்க வீடியோவைப் பார்த்துப் பழகியவர்கள் அதில் 60 என்று வைத்துவிட்டு, "இது வேலை செய்யவில்லை" என்கிறார்கள். 50 வையுங்கள். அண்ணாச்சியின் சக்கர மோட்டாருக்கு இது உதவவில்லை. வேகத்துக்கு ஏற்ப அதன் சுருதி ஏறி இறங்கியது. கொடை விழாவில் ஜெனரேட்டர் மின்சாரமும் 50-லேயே நிற்காமல் ஆடும், அங்கேயும் பலன் குறைவு.

மூன்றாவதுதான் இரைச்சல் நீக்கம். அறையின் வெறும் ஒலியைக் காட்டி, "இதுதான் இரைச்சல்" என்று கற்பிக்க வேண்டும். ரிசால்வில் அதற்கு 'லேர்ன்' என்ற பொத்தான் இருக்கிறது. கற்பிக்கும் துண்டில் ஒரு இருமல்கூட இருக்கக்கூடாது. மின்விசிறி ஓடிய கிளிப்புக்குக் கற்பித்ததை, விசிறியை அணைத்தபின் எடுத்த கிளிப்புக்குப் போடக்கூடாது. அதனால் இந்த ஒரு எஃபெக்டை மட்டும் டிராக்கில் போடாமல் கிளிப் கிளிப்பாகப் போடுகிறேன்.

எவ்வளவு நீக்குவது? எஃபெக்டைப் போட்டும் எடுத்தும் மாறி மாறிக் கேளுங்கள். ச, ஸ, ஷ போன்ற உரசொலிகள் மங்கத் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, சிறிது பின்வாங்குங்கள். இரைச்சல் அறவே ஒழிய வேண்டியதில்லை. பேச்சுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் போதும். படத்தில் மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, அதன் ஓசை லேசாகக் கேட்பதில் யாருக்கும் ஆட்சேபம் இராது.

பணம் கொடுத்து வாங்கும் பதிப்பில் குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வசதி இருக்கிறது. நண்பர் ஒருவரின் கணினியில் இந்தப் பேட்டியை அதில் ஓட்டிப் பார்த்தேன். குரல் கண்ணாடிபோல வந்தது. சக்கரமும் போயிற்று, மண்ணைத் தட்டும் ஓசையும் போயிற்று, பானை சுண்டும் ஓசையும் போயிற்று. குயவர் வீடு வங்கி அலுவலகம் ஆனது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் சூழல் ஒலியைத் தனியாகத் திருப்பிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு சில்லறைக் கோளாறுகள். ஒன்று, 'பானை' என்று சொல்லும்போதெல்லாம் மைக்கில் விழும் 'புப்' என்ற ஊது. முதல் தட்டிலேயே பாதி அடங்கும். அடங்காத இடத்தில் அந்த ஊதை மட்டும் இரு பக்கமும் வெட்டித் தனித் துண்டாக்கி 6 டெசிபல் குறையுங்கள். இரண்டு, மீட்டரின் உச்சியில் இடித்துத் தட்டையாகிப்போன ஒலி. அலைவடிவத்தின் தலை சீவியது போலிருந்தால் அந்த இடத்தில் தகவலே பதிவாகவில்லை. ஒலியளவைக் குறைத்தாலும் கரகரப்பு அப்படியே இருக்கும். ஃபோனின் ஒலியில் அந்த வாக்கியம் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

7. ஈக்வலைசர்

இது சுருக்கமான படி. புதியவர்கள்தான் இதில் மணிக்கணக்காக உட்காருகிறார்கள். குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலிருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் பகுதியில் 3 டெசிபல் குறையுங்கள். சிமெண்ட் சுவரும் தகரக் கூரையும் உள்ள அறைகளில் அநேகமாக இது தேவைப்படும். தெளிவு போதாவிட்டால் 3 கிலோஹெர்ட்ஸ் சுற்றில் 2 டெசிபல் கூட்டுங்கள். குறைப்பதை முதலில் செய்தால், பாதி நேரம் கூட்டவே வேண்டியிருக்காது.

சோறு, சாமி, சட்டி என்பவற்றின் முதலெழுத்தை ஸகரம்போல அழுத்திச் சொல்கிறவர்களின் குரல் காதைக் குத்தினால், 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை டி-எஸ்ஸரை (உரசொலி எழும்போது மட்டும் அதை அமுக்கும் எஃபெக்ட்) மெதுவாகப் போடுங்கள். ஈக்வலைசரில் அந்தப் பகுதியை நிரந்தரமாகக் குறைத்தால் மற்ற எழுத்துகளும் மங்கிவிடும்.

8. மட்டப்படுத்துதல்: முதலில் கையால், பிறகு கம்ப்ரெசரால்

அண்ணாச்சி பேசத் தொடங்கும்போது உரக்கவும், தன் தகப்பனாரைப் பற்றிச் சொல்லும்போது தணிந்தும் பேசினார். கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, பேச்சின் உச்சம் −12 டெசிபலை ஒட்டி வரும்படி கையால் ஏற்றி இறக்குங்கள். மீட்டரில் 0 என்பது கூரை, அதனால்தான் எல்லா எண்ணும் மைனஸில்.

இங்கே ஒலியளவைத் தானாக உயர்த்தும் 'நார்மலைஸ்' பொத்தானை அழுத்திவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்று விழிப்பவர்கள் உண்டு. உச்சத்தை வைத்து நார்மலைஸ் செய்யும்போது அது கிளிப்பில் இருக்கும் மிகப் பெரிய ஒற்றை ஓசையைத்தான் பார்க்கிறது. அண்ணாச்சியின் முதல் கிளிப்பில் அது பானையின் 'ணங்'. −2 டெசிபலில் இருந்தது. அதற்கு மேல் இரண்டு டெசிபல்தான் இடம், பேச்சும் இரண்டு டெசிபல்தான் ஏறியது. அந்த ஓசையைத் தனித் துண்டாக வெட்டிக் குறைத்தபிறகே பேச்சு ஏற இடம் கிடைத்தது.

கம்ப்ரெசர் உரத்த இடங்களை அமுக்கும். விகிதம் 3-க்கு 1. உரத்த சொற்களில் மட்டும் 3 முதல் 6 டெசிபல் வரை குறையும்படி வாசலை (எந்த அளவுக்கு மேல் அமுக்க வேண்டும் என்ற எல்லை) அமையுங்கள். பிறகு குறைந்த அளவை மொத்தமாகக் கூட்டித் திருப்பித் தருவோம். இந்த இடம்தான் வரிசையின் முடிச்சு. 6 டெசிபல் கூட்டினால் சொற்களுக்கு நடுவிலுள்ள விசிறி ஓசையும் அதே 6 டெசிபல் கூடும். 6-ஆம் படியைத் தாண்டிவந்து இங்கே உட்கார்ந்தவர்களின் கதி என்ன என்று இப்போது தெரியும். தாழ்ந்த உறுமலை வெட்டாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம், காற்று மோதும்போதெல்லாம் கம்ப்ரெசர் அதைப் பேச்சென்று எண்ணிக் குரலை அமுக்கும்.

9. சூழல் ஒலியும் இசையும்

தனியாக எடுத்த சக்கரத்தின் ஓசை, மண் தட்டும் ஓசை இவற்றைப் பேச்சு இல்லாத இடங்களில் ஏற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் பல வீடியோக்களுக்கு இதுவே போதும், இசை தேவையில்லை.

இசை வேண்டுமென்றால் பேச்சைவிட 15 முதல் 20 டெசிபல் தாழ்வாக வையுங்கள். பேச்சு தொடங்கிய பிறகு இசையைக் குறைத்தால் முதல் சொல் மூழ்கிவிடும். அரை விநாடி முன்பே இறங்கத் தொடங்கட்டும். ஒலியளவுக் கோட்டில் புள்ளிகள் வைத்துக் கையால் செய்யலாம்.

காருக்குறிச்சி என்றதும் நாகஸ்வரத்தைப் போடத்தான் எல்லோருக்கும் கை போகும். காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர் அல்லவா. இரண்டு சிக்கல். ஒன்று, பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்கும் உரிமை கோருகிறவர்கள் இருப்பார்கள்; யூடியூப் கண்டுபிடித்துவிடும். இரண்டு, நாகஸ்வரத்தின் வலு பேச்சின் தெளிவு இருக்கும் அதே பகுதியில் இருக்கிறது. எவ்வளவு தாழ்த்தினாலும் சொல்லோடு மல்லுக்கட்டும். பேச்சு இல்லாத இடத்தில் மட்டும் வரட்டும்.

10. வில்லுப்பாட்டுக்கு வேறு கணக்கு

கொடையில் எடுத்த வில்லுப்பாட்டுக்கு மேலே சொன்ன 6-ஆம், 8-ஆம் படிகளை அப்படியே செய்யாதீர்கள். இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் ஜால்ராவின் நீண்ட வாலை இரைச்சல் என்றே எண்ணித் தின்றுவிடும். கம்ப்ரெசர், வீசுகோல் வில்லில் விழும்போதெல்லாம் பாட்டை அமுக்கும். தாழ்ந்த பகுதியை 80-இல் வெட்டினால் குடத்தின் அடித்தொனி மெலியும்; 40 போதும்.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி அவருடைய மிக்சரிலிருந்து ஒரு கம்பி வாங்கிக்கொள்ளுங்கள், கூட்டத்தின் நடுவே ஒரு ரெக்கார்டரையும் வையுங்கள். கம்பி வழி வரும் ஒலியில் சொல் தெளிவு, கூட்டத்து ரெக்கார்டரில் குலவையும் ஆரவாரமும். இரண்டாவது தூரத்துக்கு ஏற்பப் பிந்தி வரும். 3-ஆம் படியின் கணக்கைப் போட்டு முன்னே இழுங்கள். பதிவு செய்யும்போதே சராசரி −20 டெசிபலை ஒட்டி வையுங்கள். உச்சக்கட்டத்தில் சாமியாடி இறங்கும்போது மேளம் எவ்வளவு எகிறும் என்று ஒத்திகையில் தெரியாது.

11. இப்போது கூட்டுங்கள்

உச்சம் வேறு, காதுக்குத் தெரியும் உரப்பு வேறு. உரப்பை அளக்கும் அலகு எல்.யூ.எஃப்.எஸ். யூடியூப் −14 என்ற அளவை ஒட்டி வைக்கிறது. அதைவிட உரத்த வீடியோவைத் தானே குறைத்துவிடும், தாழ்ந்ததை உயர்த்தித் தராது. ஐரோப்பியத் தொலைக்காட்சி அளவுகோல் −23; அதற்குச் சரியாக்கிய கோப்பை யூடியூபில் ஏற்றினால் மற்ற வீடியோக்களுக்கு நடுவே முணுமுணுக்கும்.

உரப்பு மீட்டரின் இலக்கை −14 என்று அமைத்து, வீடியோவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரு முறை ஓடவிடுங்கள். ஒரு பகுதியை மட்டும் அளந்தால் எண் பொய் சொல்லும். என் கோப்பு −19 காட்டியது. மொத்த வெளியீட்டில் 5 டெசிபல் கூட்டி, கடைசியாக, ஒலி குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரை −1-இல் நிறுத்தினேன். கூரையிலிருந்து அந்த ஒரு டெசிபல் இடம், கோப்பு சுருங்கும்போது உச்சங்கள் சற்று எகிறுவதற்காக.

12. எக்ஸ்போர்ட், பிறகு கேட்டுப் பார்த்தல்

ஏ.ஏ.சி., 48,000 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோவுக்கு 384 கிலோபிட். யூடியூப் பரிந்துரைப்பது இது.

வெளிவந்த கோப்பை ஹெட்போனில் ஒரு முறை கேளுங்கள். அடுத்து ஃபோனின் ஸ்பீக்கரில், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கேளுங்கள். பார்க்கிறவர்களில் பலர் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள். ஃபோனில் பேச்சு புதைந்தால் 7-ஆம் படிக்கும் 9-ஆம் படிக்கும் திரும்புங்கள், ஒலியளவைத் தொடாதீர்கள். சில சொற்கள் மட்டும் காணாமல் போனால் 8. குரல் தகரமாக ஒலித்தால் 6-இன் மூன்றாம் தட்டைக் குறையுங்கள். எதை மாற்றினாலும் 11-ஐ மறுபடி அளக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு அனுப்பியதில் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் அவர் 'விறகு' என்று சொல்லும் இடம் 'விறக்' என்று நிற்பதை, ஏற்றி இரண்டு நாள் கழித்து நானேதான் கண்டுபிடித்தேன். மேலே இத்தனை எழுதிய பிறகும் அந்த ஒரு வெட்டுக்காக 5-ஆம் படியில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.